இலை, வெயில், நிறம்: செட்டிநாட்டு வீட்டுத்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் மாடித்தோட்டம் போட்டிருப்பவர்களும், பிள்ளைகளின் அறிவியல் பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒளி இலைக்குள் போன பிறகு நடப்பதைச் சொல்லும் பதிலை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற பதில்களில் பாதி அதை நம்பித்தான் இருக்கின்றன.

இலை ஏன் பச்சையாக இருக்கிறது?

வெயிலில் கலந்திருக்கும் நிறங்களில் நீலத்தையும் சிவப்பையும் பச்சையம் நன்றாக உறிஞ்சுகிறது. பச்சையை அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. மிஞ்சியது நம் கண்ணுக்கு வருகிறது. பச்சையத்தின் (குளோரோபில்) இரு வகைகளைக் கரைசலில் பிரித்தெடுத்து அளந்தால் குளோரோபில் ஏ 430, 662 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலும், குளோரோபில் பி 453, 642 நானோமீட்டர் அருகிலும் ஒளியை மிகுதியாக உறிஞ்சும். இடையில் 500 முதல் 600 வரை உறிஞ்சல் குறைவு. அதுதான் நாம் காணும் பச்சை.

அப்படியானால் பச்சை ஒளி செடிக்கு வீண்தானே?

பாடப்புத்தகப் படங்களால் ஊன்றிப்போன தப்பெண்ணம் இது. படத்தில் இருப்பது கரைசலில் கரைந்த பச்சையத்தின் அளவீடு. உயிருள்ள இலை வேறு. அதற்குள் நுழைந்த பச்சை ஒளி செல்லுக்குச் செல் மோதித் திரும்பி அலைகிறது. ஒரு தடவை தப்பினாலும் பத்தாவது தடவை ஏதாவது ஒரு பச்சையத்திடம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே இலை மேல் விழும் பச்சை ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. கொஞ்சம்தான் வெளியே வருகிறது. அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துத்தான் நாம் முழுக்கணக்கும் தெரிந்ததுபோல் பேசுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நீலமும் சிவப்பும் இலையின் மேல்பரப்பிலேயே தீர்ந்துவிடும். அடிப்புறத்துச் செல்கள் வரை போய்ச் சேருவது பச்சைதான். வெயில் உச்சியில் இருக்கும்போது மேல் செல்கள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். அப்போது கூடுதலாகக் கிடைக்கும் பச்சை ஒளி, கூடுதலாகக் கிடைக்கும் சிவப்பு ஒளியைவிட அதிகப் பலன் தருவதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

கரோட்டின், சாந்தோஃபில் என்றெல்லாம் பல நிறமிகள் இருக்கின்றனவே, எல்லாமே ஒளிச்சேர்க்கை செய்கின்றனவா?

வேலை நடக்கும் இடம் ஒன்று. அதற்கு ஒளியைச் சேர்த்துக் கொடுப்பவை பல. நம் ஊர் வளவு வீட்டில் மழை பெய்யும்போது நாலு புறத்து ஓட்டுக் கூரையிலும் விழுகிற துளியெல்லாம் சரிந்து வந்து முற்றத்து அண்டாவில் கொட்டும். கூரை பெரியது, அண்டா ஒன்று. இலைக்குள்ளும் நூற்றுக்கணக்கான நிறமி மூலக்கூறுகள் பரந்து நின்று பிடித்த ஆற்றலை, நடுவிலுள்ள ஒரு சிறப்புக் குளோரோபில் ஏ இணைக்குக் கடத்திவிடுகின்றன. கரோட்டினாய்டிலிருந்து (கரோட்டினும் சாந்தோஃபிலும் இந்த வகை) குளோரோபில் பி, அங்கிருந்து ஏ, பிறகு நடுமையம் என ஒவ்வொரு படியிலும் ஆற்றல் சற்றே இறங்குவதால் பாய்ச்சல் பின்னோக்கிப் போவதில்லை.

இத்தனை பெரிய ஏற்பாடு எதற்கு என்றால், முழு வெயிலிலும் ஒரு தனிப் பச்சைய மூலக்கூறுக்குக் கிடைப்பது விநாடிக்கு ஏறத்தாழ பத்து ஃபோட்டான், அதாவது பத்து ஒளித்துகள்தான். நடுமையம் அதைவிட வெகு வேகமாக வேலை செய்யக்கூடியது. தன்னந்தனியாக விட்டால் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

கரோட்டினாய்டுகளுக்கு இன்னொரு வேலை உண்டு. என் கணக்கில் அதுதான் பெரிது. மிஞ்சிய ஆற்றலோடு நிற்கும் பச்சையம் பக்கத்திலுள்ள ஆக்சிஜனைத் தொட்டால், செல்லையே அரிக்கும் கொடிய வகை ஆக்சிஜன் பிறக்கும். அந்த ஆற்றலைக் கரோட்டினாய்டு வாங்கி வெப்பமாக விட்டுவிடுகிறது. கரோட்டினாய்டு உருவாவதைத் தடுக்கும் களைக்கொல்லிகள் உண்டு. அவற்றைத் தெளித்தால் வெயிலில் இலை வெள்ளையாக வெளுத்துச் சாகிறது.

மாரியம்மன் கோவில் முளைப்பாரி ஏன் மஞ்சளாக வளர்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மண்ணும் எருவும் இட்டு நவதானியம் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் மூடி வளர்க்கிறார்கள். சில நாளில் முளைகள் முழ உயரத்துக்கு வெளுத்த மஞ்சளாக, ஒல்லியாக, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு எழும்பி நிற்கும். அருகில் வைத்துப் பாருங்கள்: தண்டு நீளம், இலை சிறியது, பயறு முளையின் உச்சி கொக்கி போல் வளைந்திருக்கும்.

பூக்கும் தாவரங்களில் பச்சையம் தயாராகும் வழியில் ஒரு படி ஒளி இல்லாமல் நகராது. பச்சையத்துக்கு முந்தைய புரோட்டோகுளோரோஃபிலைடு என்ற பொருள் வரை இருட்டிலேயே தயாராகிவிடும். அதற்கு அடுத்த மாற்றத்தைச் செய்யும் நொதி, ஒளி பட்டால் மட்டுமே இயங்கும். எனவே முளை அந்தப் படியில் காத்து நிற்கிறது. கரோட்டினாய்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அது உருவாகிவிடுகிறது. அதனால்தான் மஞ்சள்.

தண்டு நீளுவதும் கணக்கோடுதான். விதையிலுள்ள சேமிப்பு தீருவதற்குள் மண்ணைத் தாண்டி வெளிச்சத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று முளை எல்லாவற்றையும் உயரத்தில் போடுகிறது. ஊர்வலம் முடிந்து கரைப்பதற்கு முன் ஒரு பாரியை வெயிலில் வைத்துப் பார்த்தால் சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்குவது தெரியும். எல்லாத் தாவரத்துக்கும் இந்த விதி இல்லை. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் நாற்றுகள் இருட்டிலும் பச்சையம் தயாரிக்கும்.

ஒளி இலைக்குள் போன பிறகு உண்மையில் என்னதான் நடக்கிறது?

சுருக்கமாகச் சொன்னால் எலக்ட்ரான் இடம் மாறுகிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இலைச் செல்லில் பச்சையம் இருக்கும் சிறு உறுப்பு பசுங்கணிகம். அதற்குள் தைலகாய்டு எனும் சவ்வுப் பைகள் அடுக்கி வைத்திருக்கும். அந்தச் சவ்வில் ஒளித்தொகுதி 2, ஒளித்தொகுதி 1 என்று இரண்டு நிறமித் தொகுதிகள் பதிந்திருக்கின்றன. எண்கள் கண்டுபிடித்த வரிசையில் வைத்தவை. வேலை தொடங்குவது என்னவோ இரண்டாவதில். அதன் நடுமையத்தின் பெயர் பி680. ஆற்றல் வந்து சேர்ந்ததும் அது ஓர் எலக்ட்ரானை அடுத்த மூலக்கூறிடம் கொடுத்துவிடுகிறது. இழந்ததை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும். நீரிடமிருந்து பிடுங்குகிறது.

நீரைப் பிரிப்பது லேசான காரியமில்லை. மின்சாரம் கொண்டு பிரிக்க வேண்டுமானால் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூட. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தெரியாதவர் நம்மில் இல்லை. மின்கலம், உலோக அரிப்பு, மின்பகுப்பு என்று அங்கே ஆராய்வதெல்லாம் எலக்ட்ரான் கைமாறும் கதைதான். அதே கதையை முருங்கை இலை எந்தக் கம்பியும் இல்லாமல் அறை வெப்பநிலையில் நடத்துகிறது. எலக்ட்ரானை இழந்த பி680, உயிருலகில் அறியப்பட்டவற்றிலேயே எலக்ட்ரானைப் பிடுங்குவதில் மிக வலுவானது. அதற்குத் துணையாக நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்த சிறு கொத்து உண்டு. ஒரு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான் என நான்கு முறை சேர்த்த பிறகே அது ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளிவிடும். இந்தக் கொத்தின் அமைப்பை அணு அணுவாகத் துல்லியமாகப் படம்பிடித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள், 2011-இல்.

பிறகு அந்த எலக்ட்ரான் சவ்வு வழியாகக் கைமாறிக் கைமாறி ஒளித்தொகுதி 1-க்கு வந்து சேர்கிறது. அங்கே இன்னொரு ஃபோட்டான் அதை மறுபடி உயர்த்திவிடுகிறது. முடிவில் என்ஏடிபிஎச் எனும் பொருளில் அது பத்திரமாகச் சேர்கிறது. வருகிற வழியில் பைக்குள் ஹைட்ரஜன் அயனிகள் குவிகின்றன. அவை வெளியே வரும் விசையால் ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறு தயாராகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சர்க்கரை என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? சர்க்கரை தயாராவது பைகளுக்கு வெளியே, ஸ்ட்ரோமா எனும் பகுதியில். ரூபிஸ்கோ என்ற நொதி காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, ஏற்கெனவே இருக்கும் ஐந்து கார்பன் சேர்மத்தோடு ஒட்டுகிறது. அதன் பிறகு ஏடிபி, என்ஏடிபிஎச் இரண்டும் செலவாகிச் சர்க்கரைக்கு அடிப்படையான மூன்று கார்பன் பொருள் உருவாகிறது. கதிரியக்கக் கார்பன் 14-ஐப் பாசிக்குக் கொடுத்து, அது எந்தெந்தப் பொருளில் முதலில் தென்படுகிறது என்று பார்த்து இந்தச் சுழற்சியை மெல்வின் கால்வின் குழுவினர் கண்டறிந்தார்கள். அவருக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் வெளியாகக் குறைந்தது எட்டு ஃபோட்டான் செலவாகும். அந்த ஆக்சிஜன் வருவது நீரிலிருந்து, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அன்று. எடை கூடிய வகை ஆக்சிஜன் (கன ஆக்சிஜன்) கலந்த நீரைக் கொடுத்து சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் 1941-இல் இதைக் காட்டினார்கள். இன்றும் தேர்வில் தவறாக எழுதப்படும் விடை இது.

மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறதா?

உங்கள் வீட்டுப் பட்டாலையில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் நீங்கிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அத்தனை கார்பனும் பர்மாக் காட்டுக் காற்றிலிருந்து இலை வழியாக உள்ளே வந்தது. மண்ணிலிருந்து வந்தது, எரித்தால் சாம்பலாக மிஞ்சுகிற அந்தச் சிறு பங்கு. நகரத்தார் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியது பெரும்பாலும் காற்றும் நீரும்தான்!

பெல்ஜியத்து வான் ஹெல்மான்ட் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை நெருங்கினார். 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு கூடியது. மண் குறைந்தது இரண்டு அவுன்ஸ் அளவே. எல்லாம் தண்ணீரால் வந்தது என்று முடிவு கட்டினார். காற்றின் பங்கு அவருக்குத் தெரிய வழியில்லை. வெயில் பட்ட பச்சைப் பகுதிகளே ஆக்சிஜனை விடுகின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் காட்ட 1779 ஆனது.

எங்கள் வீட்டு வண்ணக் கண்ணாடி ஜன்னலோரம் தொட்டி வைத்தால் செடி வளருமா? எந்த நிறக் கண்ணாடி நல்லது?

பழைய வீட்டு ஜன்னல் வளைவுகளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனக் கண்ணாடி பதித்திருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அறிஞர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். ஜெனீவாவின் ஜான் செனபியே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வண்ண நீர் நிரப்பிய இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் கூடுகளுக்குள் செடிகளை வைத்துச் சோதித்தார். 1882-இல் தியோடர் எங்கல்மன் செய்தது இன்னும் அழகு. ஒரு பாசி இழை மேல் வானவில்லைச் சிறிதாக்கி விழச் செய்தார். ஆக்சிஜனைத் தேடி நீந்தும் பாக்டீரியாக்களையும் அதே துளியில் விட்டார். அவை நீலம் விழுந்த இடத்திலும் சிவப்பு விழுந்த இடத்திலும் மொய்த்தன. கருவி எதுவும் இல்லாமல் ஆக்சிஜன் அளந்தாகிவிட்டது.

நீலத்துக்கு ஆற்றல் அதிகம், ஆகவே நீலம்தான் சிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நீல ஃபோட்டானை வாங்கிய பச்சையம் கூடுதல் ஆற்றலை நொடிப்பொழுதில் வெப்பமாக விட்டுவிட்டு, சிவப்பு ஃபோட்டான் கொண்டுபோய் நிறுத்தும் அதே நிலைக்கு இறங்கிவிடும். அதன் பிறகு இரண்டும் ஒன்றே. அமெரிக்காவில் 1870-களில் நீலக் கண்ணாடி வைத்தால் திராட்சை அபாரமாக விளையும், நோயும் தீரும் என்று படைத்தளபதி பிளெசன்டன் கிளப்பிவிட, ஊரெல்லாம் நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்தது. நிறக் கண்ணாடி வேறு எதையும் செய்வதில்லை. மற்ற நிறங்களைத் தடுக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் குறையுமே தவிரக் கூடாது.

உங்கள் ஜன்னலில் உண்மையான சிக்கல் நிறம் இல்லை, அளவு. திறந்த வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு இருக்கும் வெளிச்சம், வீட்டுக்குள் சில நூறு லக்ஸுக்கு இறங்கிவிடுகிறது. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வீழ்ச்சி உறைப்பதில்லை. கண்ணாடியோரத்தில் மணி பிளான்ட் பிழைக்கும். கத்தரியும் துளசியும் வேண்டுமென்றால் முற்றத்துக்குக் கொண்டுபோங்கள்.

சிவப்புத் தண்டுக்கீரையில் பச்சையம் இல்லையா? குரோட்டன்ஸ்?

இருக்கிறது, சிவப்பு மூடியிருக்கிறது. தண்டுக்கீரையின் சிவப்பு பீட்டாலெய்ன் வகை. பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் சப்பாத்திக்கள்ளிப் பழத்திலும் இருப்பது இதே வகை. மாங்கொழுந்து, சங்குப்பூ ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின். ஒரே செடியில் இந்த இரண்டு வகையும் சேர்ந்து இருப்பதில்லை. இரண்டுமே பசுங்கணிகத்துக்கு வெளியே, செல்லின் நீர்ப்பையில் கரைந்து கிடப்பவை. அவை பிடிக்கும் ஒளி ஒளிச்சேர்க்கைக்குப் போவதில்லை.

நம் கவுனி அரிசியின் கருமையும் ஆந்தோசயனின்தான், தவிட்டில் இருப்பது. ஊறவைத்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா சிவப்பாக மாறும். நெல் வளர்ந்ததற்கும் அந்தக் கருமைக்கும் தொடர்பில்லை. வளர்த்தது பயிரின் பச்சை.

குரோட்டன்ஸ் இலையில் வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கே பச்சையம் இல்லை என்றே பொருள். பச்சைப் பகுதி சம்பாதித்ததில் வெள்ளைப் பகுதி உண்கிறது. அதனால்தான் அத்தகைய வகைகள் மெதுவாக வளர்கின்றன.

மாவிலை, அரசிலைக் கொழுந்து ஏன் சிவந்திருக்கிறது? பாதாம் மரத்து இலை உதிரும் முன் ஏன் சிவக்கிறது?

கொழுந்தில் ஒளிச்சேர்க்கை இயந்திரம் இன்னும் முழுதாகப் பூட்டப்படவில்லை. அந்த நிலையில் வெயில் முழுதும் விழுந்தால் கேடு. ஆந்தோசயனின் ஒரு பங்கு ஒளியைத் தடுத்து நிறுத்துகிறது. பூச்சிகளை விரட்டவும் சிவப்பு உதவுகிறது என்று சொல்வோரும் உண்டு.

உதிரும் இலையின் கதை வேறு. மரம் இலையைக் கைவிடும் முன் பச்சையத்தைக் கலைத்து, இலைப் புரதங்களிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வேம்பில் அப்போது மஞ்சள் வெளிப்படும், அது முன்பே இருந்த கரோட்டினாய்டு. பாதாமில் புதிதாக ஆந்தோசயனின் சேர்வதால் சிவப்பு. குளிர்நாட்டு இலையுதிர் காலத்தைப் படத்தில் பார்த்து ஏங்குகிறவர்கள், தெருமுனைப் பாதாம் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

வெயில் கூடக் கூட ஒளிச்சேர்க்கையும் கூடுமா?

ஓரளவு வரை. நெல், கத்தரி போன்றவற்றின் தனி இலை, முழு வெயிலில் பாதிக்கும் குறைவான அளவிலேயே நிறைவு நிலையை எட்டிவிடும். அதற்கு மேல் வரும் ஒளி உபத்திரவம். அப்போது வயோலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி ஜியாசாந்தினாக மாறி, மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்ற வழி செய்கிறது. மாலையில் மறுபடி பழைய வடிவுக்குத் திரும்புகிறது. சித்திரை வெயிலில் உங்கள் கண்ணெதிரே நிற்கும் இலைக்குள் தினமும் இது நடக்கிறது, வெளியே நிறம் மாறியதாகத் தெரியாது.

அதோடு நண்பகலில் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகள் ஒடுங்குகின்றன. கார்பன் டை ஆக்சைடு வரத்து குறைகிறது. அந்த நேரத்தில் ரூபிஸ்கோ ஆக்சிஜனைத் தவறாகப் பிடித்து, செய்த வேலையில் ஒரு பங்கைக் கெடுக்கிறது. மாடித்தோட்டத்துக்குக் கோடையில் நிழல்வலை போடச் சொல்வது இதனால்தான். மொத்தத்தில், விழுந்த சூரிய ஆற்றலில் வயலில் பயிராகச் சேருவது பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு.

கண்மாய் வற்றினால் நெல் கருகுகிறது. கம்பும் வரகும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, சாமை, தினை, கரும்பு ஆகியவை சி4 எனும் ஒளிச்சேர்க்கை வகை. இவை ரூபிஸ்கோவை நரம்பைச் சுற்றிய உறைச் செல்களுக்குள் வைத்து, வேறொரு நொதியால் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அங்கே செறிவாகக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. ரூபிஸ்கோ தவறு செய்ய இடமில்லை. இலைத்துளையைக் குறைவாகத் திறந்தாலும் போதும், ஆகவே அதே அளவு விளைச்சலுக்குச் செலவாகும் நீரும் குறைவு. 1966-இல் ஹால் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் கரும்பில் ஆராய்ந்து இந்த வழியை விளக்கினார்கள். கீரைத்தண்டும் இந்த வகைதான், பலருக்குத் தெரியாது. நெல் பழைய வழியிலேயே இருக்கிறது. மானாவாரிச் சீமையில் நம் பாட்டன்மார் வரகை நம்பியது சும்மாவா?

அரசமரமும் துளசியும் இரவிலும் ஆக்சிஜன் விடுமா? சீமைக்கருவேல் ஆக்சிஜனே விடாதாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு செய்திகளும் தவறு. ஆக்சிஜன் வருவது நீர் பிரிவதால்; நீரைப் பிரிப்பது ஒளி. ஒளியில்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் விடாது, அரசாக இருந்தாலும் சரி. அதே காரணத்தால், பச்சை இலையோடு வெயிலில் நிற்கும் சீமைக்கருவேல் ஆக்சிஜன் விடாமல் இருக்கவும் முடியாது. அந்த மரத்தின் மேல் நமக்குக் கோபம் இருக்க வேறு நியாயங்கள் உள்ளன: ஆழமாக வேரோடுகிறது, கண்மாய்களை அடைத்துக்கொள்கிறது, மற்ற செடிகளுக்கு இடம் விடுவதில்லை. பொய்க் குற்றச்சாட்டு சேர்த்தால் மெய்க் குற்றச்சாட்டுக்கும் மதிப்புப் போய்விடும்.

புளியமரத்தடியில் இரவில் படுக்காதே என்பதற்கும் கார்பன் டை ஆக்சைடைக் காரணமாகச் சொல்வார்கள். இரவில் எல்லா மரமும் சுவாசிக்கும், மெய்தான். திறந்தவெளியில் அது காற்றோடு கலந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுபவரே அதைவிட நெருக்கமான ஆபத்து.

கற்றாழை, பிரண்டை, கள்ளி இரவில் காற்று இழுப்பது உண்மையா?

உண்மை. இவை பகலில் இலைத்துளையை மூடி இரவில் திறப்பவை. இரவில் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்து, பகலில் ஒளி கிடைத்ததும் அதை உடைத்துச் சர்க்கரை செய்கின்றன. இரவில் ஆக்சிஜன் விடுவதில்லை. இலையோரத்தில் குட்டி போடும் ரணகள்ளியும் இந்த இனம். அதன் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை மென்று பார்த்து 1815-இல் எழுதியவர், நம் நாட்டில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன்.

புளி ஊற்றினால் காய் ஏன் பழுப்பாகிறது?

பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உண்டு. அமிலமும் சூடும் சேர்ந்தால் அது கழன்றுவிடும், இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்காரும். நிறம் மங்கிய பழுப்புப் பச்சை. வெண்டைக்காய் மண்டியில் நடப்பது இதுவே. சுவை கெடுவதில்லை, விட்டுவிடுங்கள். கீரை மட்டும் பச்சையாகவே இருக்க வேண்டுமானால் மூடி போடாமல் வேகவைத்தால் கீரையின் சொந்த அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். சமையல் சோடா போடும் பழக்கம் நிறத்தைக் காக்கும், வைட்டமினைக் கெடுக்கும். எனக்கு உடன்பாடில்லை.

இட்லிப்பூச் செடியின் இலை மஞ்சளாகிறது. உரம் போட்டும் தேறவில்லை.

எந்த இலை என்று பாருங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. பச்சையத்தில் இரும்பு இல்லை, ஆனால் அதைத் தயாரிக்க இரும்பு வேண்டும். மண்ணில் இரும்பு இருந்தும், உப்பும் சுண்ணமும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி மண் காரமாகிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. அப்போது யூரியாவைக் கொட்டிப் பயனில்லை; கீலேட் இரும்பைத் தெளிக்க வேண்டும், மழைநீர் கிடைத்தால் ஊற்றலாம். அடியிலை நரம்பிடையில் மஞ்சளானால் மக்னீசியக் குறை, எப்சம் உப்பு போதும். அடியிலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜன்.

ஊருணி ஏன் திடீரென்று பச்சையாகிறது?

சத்து மிகுந்த தேங்கிய நீரில் பாசியும் நீலப்பச்சைப் பாக்டீரியாவும் பெருகுவதால். சில வகை நஞ்சுள்ளவை, எனவே அந்த நீரைக் குடிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ வேண்டாம். ஆனால் ஒன்று: இலையிலுள்ள பசுங்கணிகம் இந்தப் பாக்டீரியாக்களின் வம்சம்தான். 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கியதும் இவையே.

பிள்ளைகளுக்கு வீட்டில் செய்துகாட்ட ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு பிடி முருங்கையிலையை அம்மியில் நசுக்கி, மருந்துக்கடைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது, ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். கிடைத்த கரும்பச்சைச் சாற்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இருட்டறையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். டார்ச்சை நேரே பார்க்க வேண்டாம். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பில் ஒளிரும். பிள்ளைகள் கத்துவார்கள், பெரியவர்களும்தான்.

அதே டார்ச்சை முழு இலை மேல் அடித்தால் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதே அரிது. இலையில் பச்சையம் பிடித்த ஆற்றலை வாங்கிக்கொள்ள நடுமையமும் எலக்ட்ரான் வரிசையும் காத்திருக்கின்றன; நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஒளியாகத் தப்பும். குவளையில் அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. வாங்க ஆளில்லாத ஆற்றலில் கணிசமான பங்கு சிவப்பு ஒளியாகக் கொட்டுகிறது.

மீதிச் சாற்றில் ஒரு வெள்ளை வடிதாள் கீற்றின் நுனியை நனைத்து நிறுத்திவைத்தால் சற்று நேரத்தில் மஞ்சளும் பச்சையும் பிரிந்து ஏறும். மிகாயில் ஸ்வெட் 1900-களின் தொடக்கத்தில் இலை நிறமிகளைப் பிரித்தது இதே வழியின் மூத்த வடிவம். அவர் தாளுக்குப் பதில் சுண்ணாம்புப் பொடி அடைத்த குழாயைப் பயன்படுத்தினார். சாற்றை ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். வெயில் பட்டால் வெளுத்துவிடும், மறுநாள் காட்ட எதுவும் மிஞ்சாது.